சாம்பிள் கிளாக் எங்கிருந்து வர வேண்டும்? மோட்டார் சோதனை மேடைக்கு நான்கு வழிகள்

கடந்த மாதம் இரண்டு பேர் ஏறக்குறைய ஒரே கேள்வியோடு என்னிடம் வந்தார்கள். ஒருவர், இண்டக்‌ஷன் மோட்டாரில் ரோட்டார் கம்பி முறிவைக் கண்டறியும் முதுநிலைத் திட்டத்தில் இருக்கும் மாணவி. மற்றவர், கோயம்புத்தூரில் பம்ப்செட் சோதனை மேடையைக் கவனித்துக்கொள்ளும் பொறியாளர். இருவரிடமும் தரவு சேகரிப்பு அட்டை இருந்தது, சென்சார்கள் இருந்தன, நிரலும் ஓடியது. இருவரும் தயங்கி நின்ற இடம் டைமிங் அமைக்கும் அந்த ஒரு வரி. கிளாக் மூலம், அதாவது மாதிரி எடுக்கும் கணங்களைச் சொல்லும் துடிப்பு எங்கிருந்து வருகிறது என்ற இடத்தை வெறுமையாக விடலாமா? ஷாஃப்ட்டில் உள்ள என்கோடரின் (சுழற்சியைத் துடிப்புகளாக மாற்றித் தரும் சென்சார்) துடிப்பை அங்கே கொடுக்கலாமா? இரண்டு அட்டைகளுக்கும் ஒரே கிளாக் வேண்டுமா? அல்லது நிரலில் ஒரு லூப் போட்டு, அது பாட்டுக்குப் படித்துக்கொண்டிருக்கட்டும் என்று விட்டுவிடலாமா?

இந்த வரியைத் தவறாக எழுதினால் பெரும்பாலும் பிழைச் செய்தி எதுவும் வராது. கோப்பு நிறையும், வரைபடம் அழகாக விழும், எண்கள் மட்டும் பொய் சொல்லும். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன். எடுத்துக்காட்டுகளை நான் அதிகம் புழங்கிய நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் அட்டைகளிலிருந்தும், அவற்றை இயக்கும் டேக்-எம்எக்ஸ் என்ற இயக்கி மென்பொருளிலிருந்தும் எடுக்கிறேன். மற்ற நிறுவனங்களின் கருவிகளிலும் பெயர்தான் மாறும், பிரச்சினை இதேதான்.

## எதை வைத்து முடிவு செய்வது

சாம்பிள் கிளாக்கின் ஒவ்வொரு துடிப்புக்கும் அட்டை எல்லாச் சேனல்களையும் ஒருமுறை படிக்கிறது. துடிப்பு எப்போது வருகிறது என்பதை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதே கேள்வி. நான் முதலில் கேட்பது இதைத்தான்: அளக்கப்படும் பொருள் எதன் தாளத்தில் இயங்குகிறது? மோட்டாருக்குள் போகும் மின்னோட்டம் மின்கட்டமைப்பின் 50 ஹெர்ட்ஸைப் பின்பற்றுகிறது. பம்ப் இம்பெல்லரின் அதிர்வு ஷாஃப்ட்டின் சுழற்சியைப் பின்பற்றுகிறது. வைண்டிங்கின் வெப்பம் இரண்டையும் பொருட்படுத்தாமல் நிமிடக் கணக்கில் மெதுவாக ஏறுகிறது. ஒரே இயந்திரத்தில் மூன்று தாளங்கள். எது உங்களுக்கு முக்கியமோ அதுதான் கிளாக்கைத் தேர்ந்தெடுக்கிறது.

அதன்பின் வருபவை நான்கு. துடிப்புகளுக்கு இடையிலான இடைவெளி சீராக இருக்கிறதா. மணிக்கணக்கில் ஓடும்போது அந்தச் சீர்மை நிலைக்கிறதா. ஒரு சேனலில் விழுந்த மாதிரியும் இன்னொன்றில் விழுந்த மாதிரியும் உண்மையிலேயே ஒரே கணத்துக்கு உரியவைதானா. கடைசியாக, பலர் கேட்கத் தவறும் ஒன்று: இந்த அமைப்பு கெட்டுப்போனால் அது நமக்குத் தெரியுமா, சத்தமில்லாமல் கெடுமா? பண விஷயம் இவற்றுக்குப் பிறகுதான். தவறான தரவை வைத்துக்கொண்டு ஆறு மாதம் ஆய்வு செய்வதைவிட விலை உயர்ந்த கேபிள் எதுவும் இல்லை.

## முதல் வழி: நிரல் லூப்பே கிளாக்

கிளாக்கே அமைக்காமல், தேவைப்படும்போது ஒரு மதிப்பைப் படி என்று நிரல் கேட்பது. அட்டையைப் பொறுத்தவரை இதில் அமைக்க எதுவும் இல்லை. விலை குறைந்த கருவியிலும் நடக்கும்.

விண்டோஸின் வழக்கமான டைமர் இடைவெளி சுமார் 15.6 மில்லி விநாடி. 10 மில்லி விநாடிக்கு ஒருமுறை எழு என்று லூப்பிடம் சொன்னால், அது எப்போது எழும் என்பதை இயங்குதளமே முடிவு செய்கிறது. வைரஸ் சோதனை ஒன்று பின்னணியில் தொடங்கினால் இடைவெளி இன்னும் நீளும். 50 ஹெர்ட்ஸ் அலையில் 1 மில்லி விநாடி என்பது 18 பாகை. அலை பூஜ்யத்தைக் கடக்கும் இடத்தில் அந்த 1 மில்லி விநாடிப் பிசகு, உச்ச மதிப்பில் 31 சதவீதம் அளவுக்குப் பிழையாகிறது. மாணவி தேடிக்கொண்டிருந்தது, முதன்மை அலையின் நூறில் ஒரு பங்கு அளவே உள்ள பக்க அலைகளை. நான்கு துருவ மோட்டார் நிமிடத்துக்கு 1500-க்குப் பதிலாக 1440 சுற்றில் ஓடினால், ஸ்லிப் எனப்படும் வேகப் பின்னடைவு 4 சதவீதம். முறிந்த கம்பி 46 ஹெர்ட்ஸிலும் 54 ஹெர்ட்ஸிலும் தலைகாட்டும். 31 சதவீத இரைச்சலுக்குள் 1 சதவீதச் சமிக்ஞையை நம்பி அடையாளம் காண முடியாது.

அப்படியானால் இந்த வழி எதற்கும் உதவாதா? வெப்பநிலைக்கு உதவும், நன்றாகவே உதவும். வைண்டிங்கில் பதித்த தெர்மோகப்பிளை விநாடிக்கு ஒருமுறை படிப்பதற்கு ஹார்டுவேர் கிளாக் தேவையில்லை. தொட்டியின் நீர்மட்டம், நிலையான ஓட்டத்தில் அழுத்தம் போன்றவற்றுக்கும் இதுவே போதும். ஒவ்வொரு மதிப்போடும் நேர முத்திரையைச் சேர்த்து எழுதுங்கள், வேறு கவலை வேண்டாம்.

வாங்குவதற்கு முன் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. யூஎஸ்பி-6008 போன்ற தொடக்க நிலைக் கருவியில் உள்ளீட்டுக்கு ஹார்டுவேர் கிளாக் இருக்கிறது. அனலாக் வெளியீடு மட்டும் நிரல் வேகத்தில்தான், அதுவும் விநாடிக்கு 150 முறை வரைதான். வெளியிலிருந்து சாம்பிள் கிளாக் கொடுக்கவும் அதில் வழியில்லை; வெளித் துடிப்புகளை வாங்கும் அதன் பி.எஃப்.ஐ முனை டிரிக்கருக்கும் (பதிவைத் தொடங்கச் சொல்லும் சமிக்ஞை) எண்ணிக்கைக்கும் மட்டுமே. கீழே சொல்லப்போகும் மூன்றாம், நான்காம் வழிகள் உங்கள் திட்டத்தில் என்றாவது தேவைப்படும் என்றால் அந்தக் கருவியோடு தொடங்காதீர்கள்.

## இரண்டாம் வழி: அட்டையின் உள் கிளாக்

கிளாக் மூலத்தை வெறுமையாக விட்டால் டேக்-எம்எக்ஸ் தேர்ந்தெடுப்பது இதைத்தான். அட்டையில் உள்ள கிரிஸ்டலின் அடிப்படைக் கிளாக்கை ஒரு முழு எண்ணால் வகுத்துச் சாம்பிள் கிளாக்கை உருவாக்குகிறது. இடைவெளித் தள்ளாட்டம் மோட்டார் வேலைக்குக் கணக்கில் எடுக்க வேண்டாத அளவு சிறியது. பத்தில் எட்டு வேலைகளுக்கு இதுவே சரியான விடை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே இதன் மறைமுகச் செலவுகளைத்தான் விரிவாகச் சொல்லப்போகிறேன்.

முதல் செலவு, கேட்ட வீதம் கிடைக்காதது. முழு எண்ணால் வகுபட வேண்டும் என்றேன் அல்லவா? அதிர்வு அளப்பவர்களுக்குப் பிடித்த 12,800 ஹெர்ட்ஸை எடுத்துக்கொள்வோம். எக்ஸ் வரிசை அட்டையின் 100 மெகாஹெர்ட்ஸை 12,800-ஆல் வகுத்தால் 7812.5. அரை எண்ணால் வகுக்க அட்டைக்குத் தெரியாது. 7812-ஆல் வகுத்தால் 12,800.82 ஹெர்ட்ஸ். அடிப்படைக் கிளாக் 20 மெகாஹெர்ட்ஸ் மட்டுமே உள்ள அட்டையில் வகு எண் 1562.5, 1562 என்று வைத்தால் 12,804.1 ஹெர்ட்ஸ். கோப்பின் தலைப்பில் 12,800 என்று எழுதிவைத்து ஒரு மணி நேரம் பதிவு செய்தால், முதல் அட்டையில் ஏறக்குறைய கால் விநாடியும் இரண்டாவதில் ஒரு விநாடிக்கு மேலும் கணக்கு உதைக்கும். கிரிஸ்டலின் துல்லியம் பத்து லட்சத்தில் 50 பங்கு என்று தரவுத்தாளில் போட்டிருப்பதைப் பார்த்து நிம்மதியடைபவர்கள், இந்த வகுத்தல் பிழை அதைவிடப் பெரிதாக இருக்கலாம் என்பதைக் கவனிப்பதில்லை. மருந்து எளிது: டைமிங்கை அமைத்தவுடன் உண்மையான வீதத்தை இயக்கியிடமே திரும்பக் கேட்டு, அந்த எண்ணைக் கோப்பில் எழுதுங்கள். அல்லது 10,000, 12,500, 20,000 என்று மீதியில்லாமல் வகுபடும் வீதத்தையே கேளுங்கள்.

இரண்டாம் செலவு, சேனல்களுக்கு இடையிலான இடைவெளி. இது பம்ப்செட் பொறியாளரை நேரடியாகப் பாதித்தது, ஆகவே கொஞ்சம் நிறுத்திப் பார்க்கலாம்.

நடுத்தர விலை அட்டைகளில் 16 சேனல் இருந்தாலும் உள்ளே இருக்கும் அனலாக்-டிஜிட்டல் மாற்றி ஒன்றுதான். சாம்பிள் கிளாக் ஒருமுறை துடித்ததும், கன்வர்ட் கிளாக் என்ற இன்னொரு கிளாக் சேனல்களை வரிசையாக ஒவ்வொன்றாகப் படிக்க வைக்கிறது. விநாடிக்கு 2,50,000 மாதிரி எடுக்கும் அட்டையில் ஒரு மாற்றத்துக்குக் குறைந்தது 4 மைக்ரோ விநாடி. வேகம் குறைவாக இருக்கும்போது, சமிக்ஞை நிலைப்பட அவகாசம் தரும் பொருட்டு டேக்-எம்எக்ஸ் அதோடு 10 மைக்ரோ விநாடி சேர்க்கிறது. ஆக, அடுத்தடுத்த சேனல்களுக்கு இடையே 14 மைக்ரோ விநாடி. கேட்பதற்கு ஒன்றுமில்லாததுபோல் இருக்கிறது. 50 ஹெர்ட்ஸில் அது கால் பாகை.

அவர் அளந்துகொண்டிருந்தது சுமையில்லா நிலையில் மோட்டார் எடுக்கும் மின்திறன். சுமையில்லாத இண்டக்‌ஷன் மோட்டாரின் பவர் ஃபேக்டர் மிகவும் குறைவு, 0.15 என்று வைத்துக்கொள்வோம். மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் இடையே 81 பாகைக்கு மேல். இந்த இடத்தில் கோசைன் வளைவு செங்குத்தாக விழுகிறது. கால் பாகைப் பிசகு திறனில் ஏறக்குறைய 3 சதவீதப் பிழையாகிறது. அவருடைய வயரிங்கில் மின்னழுத்தம் சேனல் 0-விலும் மின்னோட்டம் சேனல் 3-லும் இருந்தன. 42 மைக்ரோ விநாடி, முக்கால் பாகை, 9 சதவீதப் பிழை. மோட்டாரின் இரும்பு இழப்பு எங்கிருந்து கூடியது என்று லேமினேஷன் தகடுகளைச் சந்தேகித்துக்கொண்டிருந்தார்.

இதைத் தீர்க்க இரண்டு வழிகள். இடைவெளி நிலையானது, தெரிந்தது என்பதால் நிரலில் அந்த அளவு நகர்த்திச் சரிசெய்யலாம், செலவில்லை. அல்லது சேனலுக்கு ஒரு மாற்றி வைத்த, எல்லாவற்றையும் ஒரே கணத்தில் படிக்கும் அட்டையை வாங்கலாம். மின்திறன் அளப்பதே உங்கள் அன்றாடத் தொழில் என்றால் வாங்கிவிடுங்கள். ஒரு திட்டத்துக்கு மட்டும் என்றால் நகர்த்தல் போதும். கன்வர்ட் கிளாக்கின் வீதத்தை நீங்களே குறிப்பிட்டு நிலைநிறுத்துவது மட்டும் கட்டாயம். இயக்கியின் விருப்பத்துக்கு விட்டால், சேனல் எண்ணிக்கையோ வீதமோ மாறும் நாளில் இடைவெளியும் மாறிவிடும்.

## மூன்றாம் வழி: ஷாஃப்ட்டின் என்கோடரே கிளாக்

சுற்றுக்கு 1024 துடிப்பு தரும் என்கோடரை ஷாஃப்ட்டில் பொருத்தி, அதன் துடிப்பைப் பி.எஃப்.ஐ முனை வழியாகச் சாம்பிள் கிளாக்காகக் கொடுப்பது. இப்போது அட்டை நேரத்தை மறந்துவிடுகிறது, ஷாஃப்ட் 0.35 பாகை திரும்பும்போதெல்லாம் ஒருமுறை படிக்கிறது. வேகம் 1440 ஆனாலும் 1470 ஆனாலும் ஒரு சுற்றுக்கு 1024 மாதிரிதான். ஆறு இறக்கை உள்ள இம்பெல்லரின் அதிர்வு எப்போதும் சுற்றுக்கு ஆறு முறை என்ற இடத்தில், கூர்மையாக, நகராமல் நிற்கும். இதைப் பார்த்த பிறகு பழைய முறைக்குத் திரும்ப மனம் வராது. என்ஜின் சோதனைக் கூடங்களில் சிலிண்டர் அழுத்தத்தைக் கிராங்க் கோணத்துக்கு எதிராகப் பதிவு செய்வதும் இப்படித்தான்.

ஆனால் மின்சாரத் தாளத்தில் இயங்குபவை இங்கே குழம்பிவிடும். 50 ஹெர்ட்ஸும் அதன் இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸ் காந்த அதிர்வும் ஷாஃப்ட் வேகத்தோடு ஒட்டாதவை. வேகம் அசையும்போது அவை கோண அலைவரிசையில் அகலமாகப் பரவுகின்றன. ரோட்டார் கம்பி முறிவைத் தேடும் மாணவிக்கு இது தவறான வழி. இம்பெல்லர் சமநிலையைப் பார்க்கும் பொறியாளருக்குச் சரியான வழி. இருவர் மேடையிலும் இருப்பது ஒரே வகை மோட்டார்தான்.

மறைமுகச் செலவுகள் மூன்றாம் வழியில்தான் அதிகம்.

மின்னழுத்த மட்டம் முதலில். தொழிற்சாலை என்கோடர்கள் பலவும் 24 வோல்ட் வெளியீடு கொண்டவை, பி.எஃப்.ஐ முனை தாங்குவது 5 வோல்ட். இடையில் ஆப்டோகப்ளர் வைப்பவர்கள் கையில் கிடைத்த 4என்35-ஐ வைத்துவிடுகிறார்கள். 1440 சுற்றில் துடிப்பு விநாடிக்கு 24,576. ஒரு துடிப்பின் முழு நீளமே 41 மைக்ரோ விநாடி. அந்த வகை ஆப்டோகப்ளர் அணைவதற்கே பல மைக்ரோ விநாடி எடுத்துக்கொள்ளும். 6என்137 போன்ற வேகமானது வேண்டும்.

அடுத்தது இரைச்சல். இன்வெர்ட்டர் டிரைவின் மின் கேபிளுக்குப் பக்கத்தில் என்கோடர் கேபிளை இழுத்திருந்தால் பொய்த் துடிப்புகள் நுழையும். ஒரே ஒரு பொய்த் துடிப்பு போதும், அதற்குப் பின் வரும் கோணம் அனைத்தும் ஒரு படி தள்ளிப்போகும்; எந்தப் பிழைச் செய்தியும் வராது. வேறுபாட்டு இணைவயரில் சமிக்ஞை அனுப்பும் என்கோடரை வாங்குவதும், பி.எஃப்.ஐ முனையின் டிஜிட்டல் வடிகட்டியைப் போடுவதும் காப்பாற்றும். எக்ஸ் வரிசையில் அந்த வடிகட்டிக்கு 90 நானோ, 5.12 மைக்ரோ, 2.56 மில்லி விநாடி என்று மூன்று ஆயத்த நிலைகள். நடுவில் உள்ளதே இங்கே பொருந்தும், 2.56 மில்லி விநாடி வைத்தால் எல்லாத் துடிப்பும் வடிகட்டப்பட்டு, மாதிரி ஒன்றுகூட வராமல் காலாவதிப் பிழை 200284 வந்து நிற்கும். பெரும்பாலும் கேபிள்தான் அறுந்துவிட்டது என்று நினைத்துத் தேடுவார்கள். என்கோடரின் சுற்றுக்கு ஒருமுறை வரும் குறித்துடிப்பை இன்னொரு கவுண்டரில் கொடுத்து, ஒவ்வொரு சுற்றிலும் 1024 வருகிறதா என்று சரிபார்க்கும் வழக்கத்தை விடவே கூடாது. சத்தமில்லாமல் கெடும் அமைப்புக்கு நாம்தான் வாய் கொடுக்க வேண்டும்.

மூன்றாவதாக, வீதம் என்ற இடத்தில் என்ன எழுதுவது? கிளாக் வெளியிலிருந்து வருகிறதே, எதையாவது எழுதுவோம் என்று 100 என்று போட்டுவிட்டு வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். டேக்-எம்எக்ஸ் அந்த எண்ணை வைத்துத்தான் பஃபர் (மாதிரிகளைத் தற்காலிகமாக வைக்கும் நினைவகம்) அளவையும் கன்வர்ட் கிளாக்கையும் கணிக்கிறது. தொடர் பதிவில் 100 என்று சொன்னால் பஃபர் 1,000 மாதிரி. விநாடிக்கு 24,576 வரும்போது அது 41 மில்லி விநாடியில் நிறைந்துவிடும். நிரல் கோப்பில் எழுதி முடிப்பதற்குள் பழைய மாதிரிகள் அழிந்து, பிழை 200279. நான்கு சேனலுக்குத் தலா 14 மைக்ரோ விநாடி என்றால் ஒரு வரிசை முடிய 56 மைக்ரோ விநாடி. அடுத்த துடிப்போ 41-லேயே வந்துவிடுகிறது. முந்தைய மாற்றம் முடியுமுன் அடுத்தது கேட்கப்பட்டது என்று பிழை 200019. மோட்டார் எட்டக்கூடிய அதிகபட்ச வேகத்தைக் கணக்கிட்டு, அதற்குக் கொஞ்சம் மேலே வீதத்தை எழுதுங்கள். இந்தப் பிழைகளாவது வாய்விட்டுச் சொல்கின்றன.

கடைசியாக, மடிப்புப் பிழை. மோட்டார் நின்ற நிலையிலிருந்து கிளம்பி 240 சுற்றில் இருக்கும்போது மாதிரி வீதம் 4,096 ஹெர்ட்ஸ்தான். பேரிங்கிலிருந்து வரும் 5 கிலோஹெர்ட்ஸ் அதிர்வு அப்போது மடிந்து, சிறிய அலைவெண்ணாக வேடமிட்டு உட்காரும். நிலையான வடிகட்டி இதைத் தடுக்காது, ஏனென்றால் தடுக்க வேண்டிய எல்லை, அதாவது மாதிரி வீதத்தில் பாதி, வேகத்தோடு நகர்கிறது. ஆகவே கிளம்பும் நேரத்தையும் நிற்கும் நேரத்தையும் இந்த வழியில் பதிவு செய்வதை நான் ஏற்கவில்லை.

9234 போன்ற டெல்டா-சிக்மா அதிர்வு மாட்யூலை வைத்திருப்பவர்களுக்கு மூன்றாம் வழி அடைபட்ட கதவு. அந்த வகை மாற்றிக்கு ஓயாத, சீரான உயர்வேக அடிப்படைக் கிளாக் வேண்டும். ஷாஃப்ட்டின் ஏற்ற இறக்கத்தை அது ஏற்காது. 13.1072 மெகாஹெர்ட்ஸிலிருந்து 51,200, 25,600, 12,800 என்று சில குறிப்பிட்ட வீதங்களை மட்டுமே தரும்.

## நான்காம் வழி: ஒருவர் கிளாக்கை மற்றவர் கேட்பது

ஒரு கிளாக், பல வேலைகள். அட்டைக்குள்ளேயே என்றால் மிக எளிது: அனலாக் வெளியீட்டுப் பணிக்கோ கவுண்டர் பணிக்கோ கிளாக் மூலமாக உள்ளீட்டின் சாம்பிள் கிளாக்கைக் குறிப்பிட்டால் போதும். ஒரு வயர்கூட இழுக்க வேண்டியதில்லை. டிஜிட்டல் உள்ளீட்டுக்குத் தனிக் கிளாக் இல்லாத எம் வரிசை அட்டைகளில் இப்படிக் கடன் வாங்குவதுதான் வழி. தொடங்கும் வரிசையை மட்டும் மறக்கக் கூடாது. கேட்கும் பணியை முதலில் தொடங்கி, கிளாக் கொடுக்கும் பணியைக் கடைசியில் தொடங்க வேண்டும். மாற்றிச் செய்தால் முதல் சில துடிப்புகள் கேட்பவருக்குத் தவறிப்போகும்.

இரண்டு அட்டைகள் என்றால் இந்த வழி ஆடம்பரம் ஆகாது, அவசியம். என் அனுபவத்தைச் சொல்கிறேன். ஒரு சோதனையில் மின்னோட்டத்தை ஒரு யூஎஸ்பி கருவியிலும் அதிர்வை இன்னொன்றிலும் எடுத்தேன். இரண்டையும் ஒரே டிரிக்கரில் தொடங்கினேன், ஆகவே ஒத்திசைந்துவிட்டன என்று நம்பினேன். இரண்டு மணி நேர ஓட்டம். 100 ஹெர்ட்ஸ் அதிர்வின் கட்டம் மின்னோட்டத்தை ஒப்பிடும்போது மெல்ல மெல்லச் சுழன்று, மூன்றரை நிமிடத்துக்கு ஒரு முழுச் சுற்று வந்தது. அடித்தளம் தளர்கிறது என்று முடிவுகட்டி போல்ட்டுகளை இறுக்கினேன். மாறவில்லை. பேரிங்கைக் கழற்றிப் பார்த்தேன். புதிது போல் இருந்தது. இரண்டு நாள் கழித்துத்தான், ஒரே சமிக்ஞையை இரண்டு கருவிகளுக்கும் கொடுத்துப் பார்த்தபோது, அதே சுழற்சி மோட்டார் இல்லாமலே வந்தது. ஒவ்வொரு கிரிஸ்டலுக்கும் பத்து லட்சத்தில் 50 பங்கு வரை பிசக அனுமதி உண்டு. இரண்டும் எதிரெதிர்த் திசையில் பிசகினால் வேறுபாடு 100 பங்கு. 50 ஹெர்ட்ஸ் அலையில் 50 விநாடியிலேயே கால் சுற்று தவறிவிடும். டிரிக்கர் தொடக்கத்தை மட்டும்தான் கட்டுகிறது, ஓட்டத்தைக் கட்டுவதில்லை.

பகிர்வதிலும் இரண்டு வகை. சாம்பிள் கிளாக்கையே பகிர்ந்தால் இரண்டு அட்டைகளும் ஒரே வீதத்தில் ஓடும், பி.எஃப்.ஐ முனையிலிருந்து முனைக்கு ஒரு வயர், இரண்டுக்கும் பொது நிலம், அவ்வளவுதான். 10 மெகாஹெர்ட்ஸ் மேற்கோள் கிளாக்கைப் பகிர்ந்து தொடக்க டிரிக்கரையும் பகிர்ந்தால், வெவ்வேறு வீதங்களில் ஓடினாலும் விலகாது. பல அட்டைகளைச் செருகும் பி.எக்ஸ்.ஐ சேசிஸின் பின்பலகையில் இந்த 10 மெகாஹெர்ட்ஸ் எல்லாச் செருகிடங்களுக்கும் ஏற்கெனவே போகிறது. பணம் கொடுப்பதே அதற்குத்தான். பி.சி.ஐ அட்டைகளுக்கு ஆர்.டி.எஸ்.ஐ ரிப்பன் கேபிள் உண்டு, யூஎஸ்பி கருவிகளுக்கு அது இல்லை. மேடையின் இரு முனைகளும் தூரத்தில் இருந்தால், ஈதர்நெட் வழியாகவே கிளாக்கை ஒத்திசைக்கும் காம்பாக்ட்-டேக் 9185, 9189 சேசிஸ்கள் இருக்கின்றன.

கிளாக் ஒன்றானாலும் முடிந்துவிடவில்லை. டெல்டா-சிக்மா மாட்யூலுக்குள் டிஜிட்டல் வடிகட்டி ஒன்று உட்கார்ந்திருக்கிறது. 9234-இல் அதன் தாமதம் 38.4 மாதிரி அளவு. 12,800 ஹெர்ட்ஸில் அது 3 மில்லி விநாடி. பக்கத்தில் சாதாரண அட்டை மின்னோட்டத்தை உடனுக்குடன் படிக்கிறது. கழிக்காமல் விட்டால், கிளாக் எவ்வளவு கச்சிதமாக இருந்தாலும் 50 ஹெர்ட்ஸில் 54 பாகை தள்ளி நிற்கும்.

## ஒரே பார்வையில்

| வழி | எதன் தாளம் | நெடுநேர நிலைப்பு | கெட்டால் தெரியுமா | பொருந்தும் இடம் |
|---|---|---|---|---|
| நிரல் லூப் | யாருடையதும் இல்லை | நேர முத்திரை இருந்தால் போதுமானது | தெரியாது | வெப்பநிலை, நீர்மட்டம் |
| உள் கிளாக் | நேரம் | ஒரு அட்டைக்குள் நன்று | பஃபர் பிழை தெரியும். வீத வேறுபாடு தெரியாது | மின்னோட்டம், மின்திறன், பொது அதிர்வு |
| என்கோடர் | ஷாஃப்ட் | கோணத்தில் நன்று, நேரத்தில் இல்லை | பொய்த் துடிப்பு தெரியாது | இம்பெல்லர், பல்சக்கரம், சிலிண்டர் அழுத்தம் |
| பகிர்ந்த கிளாக் | நேரம், எல்லாருக்கும் ஒன்று | மிக நன்று | வயர் அறுந்தால் தெரியும். வடிகட்டித் தாமதம் தெரியாது | இரண்டு அட்டைக்கு மேல், கட்டம் முக்கியமான இடம் |

## இருவருக்கும் நான் சொன்னது

மாணவிக்கு: உள் கிளாக், 10,000 ஹெர்ட்ஸ், குறைந்தது 100 விநாடித் தொடர் பதிவு. 46-ஐயும் 54-ஐயும் 50-இன் அடிவாரத்திலிருந்து பிரித்துப் பார்க்க நீண்ட பதிவு வேண்டும், சுமை குறைந்து ஸ்லிப் சிறிதாகும்போது இன்னும் நீளமாக வேண்டும். மின்கட்டமைப்பின் அலைவெண் சரியாக 50-இல் நிற்பதில்லை, கொஞ்சம் மேலும் கீழும் அசையும். ஆகவே பக்க அலைகளை 50-லிருந்து அளக்காமல், அந்தப் பதிவில் கிடைக்கும் முதன்மை அலையின் இடத்திலிருந்து அளக்கச் சொன்னேன். என்கோடரை வாங்கும் எண்ணத்தைக் கைவிட்டார்.

பொறியாளரின் நிலை கடினம். அவருக்கு மின்திறனும் வேண்டும், இம்பெல்லர் அதிர்வும் வேண்டும், இரண்டும் ஒரே ஓட்டத்தில். மூன்றாம் வழியா இரண்டாம் வழியா என்று அவர் மாறிமாறிக் கேட்டபோது, இரண்டையும் சேர்க்கும் ஏற்பாட்டைக் காட்டினேன். எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். உள் கிளாக்கிலேயே எல்லாவற்றையும் படியுங்கள். என்கோடரைக் கிளாக்காகக் கொடுக்காமல் கவுண்டருக்குக் கொடுத்து, ஷாஃப்ட் நிலையை இன்னொரு சேனல் போலவே அதே சாம்பிள் கிளாக்கில் பதிவு செய்யுங்கள். இப்போது ஒவ்வொரு மாதிரிக்கும் நேரமும் இருக்கிறது, கோணமும் இருக்கிறது. மின்திறனுக்கு நேரத்தை எடுத்துக்கொள்ளலாம். இம்பெல்லருக்கு, பதிவு முடிந்தபின் கோணத்துக்கு எதிராக மறுமாதிரியெடுத்துக்கொள்ளலாம். மாதிரி வீதம் நிலையாக இருப்பதால் மடிப்பு வடிகட்டியும் ஒழுங்காக வேலை செய்யும், கிளம்பும் நேரத்தையும் அச்சமின்றிப் பதிவு செய்யலாம். என்கோடர் செத்துப்போனாலும் மின்திறன் தரவு பிழைக்கும். விலை என்னவென்றால் கூடுதல் கணிப்பு நேரமும், மறுமாதிரி நிரலை எழுதிச் சோதிக்கும் ஒரு வார உழைப்பும். ஷாஃப்ட் கோணத்துக்கு ஏற்ப உடனுக்குடன் முடிவெடுக்க வேண்டிய கட்டுப்பாட்டு வேலைக்கு இது பொருந்தாது. அங்கே நேரடி என்கோடர் கிளாக்தான்.

வயரிங்கில் ஒரு மாற்றமும் செய்தோம். மின்னழுத்தம் சேனல் 0, மின்னோட்டம் சேனல் 1. கன்வர்ட் கிளாக்கை நிலைநிறுத்தி, மீதமிருந்த இடைவெளியை நிரலில் கழித்தோம்.

மோட்டாரை இணைப்பதற்கு முன், எந்த வழியைத் தேர்ந்தாலும், ஒரு சோதனையை அரை மணி நேரம் ஓட்டுங்கள். சிக்னல் ஜெனரேட்டரிலிருந்து ஒரே 50 ஹெர்ட்ஸ் சைன் அலையை எல்லாச் சேனல்களுக்கும், எல்லா அட்டைகளுக்கும் கொடுங்கள். 10 விநாடிக்கு ஒருமுறை சேனல்களுக்கு இடையிலான கட்ட வேறுபாட்டைக் கணக்கிட்டு நேரத்துக்கு எதிராக வரையுங்கள். கோடு பூஜ்யத்தில் கிடையாக இருந்தால் எல்லாம் சரி. பூஜ்யத்திலிருந்து விலகிக் கிடையாக இருந்தால், அது கன்வர்ட் கிளாக் இடைவெளி அல்லது வடிகட்டித் தாமதம். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு நிரலில் கழித்துவிடலாம். கோடு சாய்ந்திருந்தால் எங்கோ இரண்டு கிரிஸ்டல்கள் தனித்தனியே ஓடிக்கொண்டிருக்கின்றன. பகிர்வு வயரையும், ஒவ்வொரு பணியின் கிளாக் மூலத்தையும் மறுபடி பாருங்கள். கோடு படிப்படியாகத் தாவினால் துடிப்புகள் தவறுகின்றன அல்லது கூடுகின்றன. கிளாக் வரும் கேபிளின் கவசத்திலிருந்து தேடத் தொடங்குங்கள்.